ஸ்பிளிட்: அரண்மனைக்குள் ஒரு ஊர், எதிரே தீவுகள்

குரோவேஷியா என்றதும் பலருக்கும் டுப்ரோவ்னிக்தான் நினைவுக்கு வரும். ஸ்பிளிட்டைப் படகு மாறுகிற துறையாக மட்டும் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். காலையில் வந்து இறங்குவார்கள், அரண்மனையை ஒரு சுற்று சுற்றுவார்கள், மதியமே ஏதாவது ஒரு தீவுக்குக் கிளம்பிவிடுவார்கள். செப்டம்பரில் அம்மாவையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு போனபோது நாங்கள் செய்தது இதற்கு நேர் எதிர். ஸ்பிளிட்டிலேயே வீடு எடுத்துத் தங்கினோம். காலையில் ஒரு தீவுக்குப் போய் மாலையில் வீடு திரும்பினோம். முட்டிவலி உள்ள, முட்டைகூடத் தொடாத அம்மாவோடு அந்தப் பயணம் நிம்மதியாக நடந்ததற்கு அதுதான் காரணம். வீட்டுப் பெரியவர்களோடு அந்தப் பக்கம் போக நினைப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அரண்மனை. அதைக் கட்டிய ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் இந்தக் கரையைச் சேர்ந்தவர். 284-இல் பட்டத்துக்கு வந்தவர், 305-இல் தானே பதவியை விட்டு இறங்கி இங்கே வந்து சேர்ந்தார். ரோமச் சக்கரவர்த்திகளில் அப்படி மனமுவந்து விலகியவர்கள் அபூர்வம். மறுபடியும் ஆட்சிக்கு வாருங்கள் என்று கேட்டு வந்தவர்களிடம், தன் கையால் போட்ட காய்கறித் தோட்டத்தைப் பார்த்திருந்தால் இப்படிக் கேட்கவே மாட்டீர்கள் என்று அவர் சொன்னதாகப் பழைய ரோமச் சுருக்க வரலாறு ஒன்றில் ஒரு செய்தி இருக்கிறது. அம்மாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போனது. பசார் சந்தையில் முட்டைக்கோஸைப் பார்க்கும்போதெல்லாம் "ராஜா தோட்டத்துக் காய்" என்றே சொன்னார்.

அரண்மனை ஏறத்தாழ 215 மீட்டருக்கு 180 மீட்டர். நாலு பக்கமும் மதில், நாலு வாசல். ஏழாம் நூற்றாண்டில் பக்கத்து நகரமான சலோனா படையெடுப்பில் அழிந்தபோது, தப்பி வந்தவர்கள் இந்த மதிலுக்குள் புகுந்தார்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே சுவர் வைத்து வீடு கட்டிக்கொண்டார்கள். அதன் பிறகு இந்த இடம் காலியாகவே இல்லை. ஸ்ரீரங்கத்தில் மதில் சுற்றுக்குள்ளே தெருவும் வீடும் கடையும் இருப்பது போலத்தான் இங்கேயும். ரோமத் தூண் ஒன்றின் பக்கத்தில் துணி காயும். 1700 வருடத்துச் சுவரில் ஏசி பெட்டி தொங்கும். 1979-இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆனாலும் ஊர் ஊராகவே இருக்கிறது. அதனால்தான் இதை இரண்டு மணி நேரத்தில் பார்த்து முடிப்பது நியாயமில்லை என்கிறேன். காலை ஏழு மணிக்கு ஒரு முறை, இரவு பத்துக்கு மேல் ஒரு முறை உள்ளே நடந்து பாருங்கள். பகலில் கொடி பிடித்த வழிகாட்டிகளுக்குப் பின்னால் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அந்த நேரத்தைத் தீவுகளுக்கு ஒதுக்கிவிடலாம்.

நடுமுற்றத்துக்குப் பெரிஸ்டில் என்று பெயர். எகிப்திலிருந்து கொண்டுவந்த செந்நிறக் கிரானைட் தூண்களும், ஏறத்தாழ 3500 வருடம் பழைய கறுப்பு ஸ்பிங்க்ஸ் சிலை ஒன்றும் அங்கே இருக்கின்றன. பக்கத்தில் உள்ள எண்கோணக் கட்டடம் டயோக்ளீஷியன் தனக்காகக் கட்டிவைத்த கல்லறை. இன்று அது கதீட்ரல். கிறிஸ்தவர்களைக் கடுமையாகத் துன்புறுத்தியவர் அவர். சலோனாவின் ஆயர் தோம்னியுஸ் அவருடைய ஆட்சியில்தான் 304-இல் கொல்லப்பட்டார். பிற்பாடு அந்த ஆயரின் பெயரில்தான் கல்லறை கோயிலானது. பேரரசரின் கல்பேழை என்ன ஆனது என்பது யாருக்கும் தெரியாது. உள்ளே போகிறவர்கள் ஆந்த்ரியா புவினா 1214-இல் செதுக்கிய மரக்கதவுகளை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். ஏசுவின் வாழ்க்கையிலிருந்து 28 காட்சிகள், ஒவ்வொன்றும் ஒரு கட்டத்துக்குள். மணிக்கூண்டில் ஏறினால் துறைமுகம் முழுக்கத் தெரியும். ஆனால் படிகள் செங்குத்து, சில இடங்களில் குறுகல். தம்பி மட்டும் ஏறிவிட்டு வந்தான்.

நிலவறைகளைத் தவறவிடாதீர்கள். மேலே பேரரசர் வாழ்ந்த அறைகள் அழிந்துவிட்டன. ஆனால் அவற்றைத் தாங்கிய கீழறைகள் அதே அமைப்பில் கட்டப்பட்டவை. ஆகவே கீழே நடந்தாலே மேலே அரண்மனை எப்படி இருந்திருக்கும் என்று புரிந்துவிடும். இடைக்காலத்தில் மேலே குடியிருந்தவர்கள் தரையில் துளை போட்டுக் கழிவையும் குப்பையையும் இதற்குள் கொட்டினார்கள். பல நூற்றாண்டு அடைந்து கிடந்ததால்தான் யாரும் இடித்துக் கல்லெடுக்காமல் தப்பியது. சுத்தம் செய்து திறந்ததெல்லாம் இருபதாம் நூற்றாண்டில்தான். வெயில் கொளுத்தும் மதியத்தில் இந்த அறைகளில் இருக்கும் குளிர்ச்சி பெரிய ஆறுதல்.

முட்டிவலி உள்ளவர்களுக்கு ஒன்று. கடற்கரை நடைபாதையான ரீவாவிலிருந்து தெற்கு வாசல் வழியாக வந்தால் நிலவறையைக் கடந்து, படி ஏறித்தான் பெரிஸ்டிலுக்கு வர முடியும். பசார் சந்தைப் பக்கமுள்ள கிழக்கு வாசலில், அதாவது வெள்ளி வாசலில் நுழைந்தால் அனேகமாகச் சமதளம். தெருக்கல் முழுக்கச் சுண்ணாம்புக்கல், காலம்காலமாக நடந்து நடந்து வழுவழுப்பாகிவிட்டது. மழை தூறினால் வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பு கட்டாயம்.

தங்குவதற்கு மதிலுக்குள்ளேயே வீடு கிடைக்கும். படங்களில் அழகாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் லிஃப்ட் இருக்காது, மாடிப்படி குறுகல், கீழே மதுக்கடைச் சத்தம் நடுராத்திரி வரை. நாங்கள் எடுத்தது வெள்ளி வாசலுக்குக் கிழக்கே, பசாருக்குப் பின்னால் ஒரு பழைய கல்வீட்டின் தரைத்தளம். அங்கிருந்து அரண்மனையும் துறைமுகமும் நடக்கிற தூரம். ஸ்பிளிட்டின் பெரிய வசதியே இதுதான்: படகுத்துறை, பஸ் நிலையம், ரயில் நிலையம் மூன்றும் ஒரே சாலையில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பெட்டியை வைத்துவிட்டுப் போக இடமும் அங்கேயே உண்டு.

சரி, சாப்பாடு. வீடு எடுக்கும்போது அடுப்பு உள்ளதாகப் பார்த்து எடுங்கள். பசாரில் காலையிலேயே சுற்றுக்கிராமத்துப் பெண்கள் காய்கறி கொண்டுவந்து உட்கார்ந்துவிடுவார்கள். செப்டம்பரில் அத்திப்பழமும் திராட்சையும் குவிந்து கிடந்தன. பல கடைகளில் ரொக்கம்தான். சில்லறை யூரோ கையில் இருக்கட்டும். எங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு ஆங்கிலம் அதிகம் வராது. ஆனாலும் அம்மாவை அடுப்பங்கரையில் நிறுத்திவைத்து, அந்த ஊர் அன்றாடச் சாப்பாடான ப்ளித்வாவைச் செய்து காட்டினார். அது பீட்ரூட் குடும்பத்துக் கீரை. முதலில் உருளைக்கிழங்குத் துண்டுகளை உப்புத் தண்ணீரில் பாதி வேகவைத்தார். பிறகு கீரைத் தண்டு, கடைசியில் இலை. தண்ணீரை வடித்துவிட்டு, தட்டிய பூண்டை ஆலிவ் எண்ணெயில் லேசாக வதக்கி, எல்லாவற்றையும் கரண்டியால் பாதி மசித்துக் கிளறினார். அம்மா அதை ருசி பார்த்துவிட்டு, பையிலிருந்து இரண்டு வரமிளகாயை எடுத்துக் காட்டி, "இதையும் போடலாமா?" என்று தமிழிலேயே கேட்டார். அந்த அம்மா தலையாட்டினார். மறுநாள் காலையில் இரண்டு மிளகாயை எங்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

வெளியே சாப்பிடும்போது சைவர்கள் கேட்டு வாங்க வேண்டியது சோபர்னிக். மெல்லிய இரண்டு மாவுத் தட்டுகளுக்கு நடுவே இதே கீரையையும் வெங்காயத்தையும் வைத்து, அடுப்புத் தரையில் தணலை மூடிச் சுட்டு, மேலே பூண்டும் ஆலிவ் எண்ணெயும் தடவுவார்கள். ஸ்பிளிட்டுக்குக் கிழக்கே உள்ள பொலீட்சா பகுதியின் பலகாரம். பேக்கரிகளில் பாலாடைக்கட்டி அல்லது பசலை வைத்த புரெக் என்ற மாவுப் பலகாரம் கிடைக்கும். அதிலேயே இறைச்சி வைத்ததும் உண்டு, கேட்டு வாங்குங்கள். கறுப்பு ரிசோட்டோ என்று ஒன்று இருக்கும், பார்த்தால் சாதம்தான்; அந்தக் கறுப்பு கணவாய் மீனின் மையிலிருந்து வருவது. சூப்பிலும் காய்கறிச் சாதத்திலும் இறைச்சி வடிசாறு கலந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டே சாப்பிடுவது நல்லது. கடையில் யோகுர்ட் என்று வாங்கினால் மோர் பதத்தில்தான் இருக்கும். கெட்டித் தயிர் வேண்டுமென்றால் கிரேக்க யோகுர்ட் என்று எழுதியதை எடுக்க வேண்டும். தயிர்சாதம் அதில் நன்றாகவே வந்தது.

தண்ணீரை விலைக்கு வாங்கத் தேவையில்லை. டயோக்ளீஷியன் காலத்தில் யாத்ரோ ஆற்றின் ஊற்றிலிருந்து கல் வாய்க்கால் கட்டி அரண்மனைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் ஸ்பிளிட்டின் குழாய்த் தண்ணீர் அதே யாத்ரோவிலிருந்துதான். பாட்டிலைக் குழாயில் நிரப்பிக்கொண்டு கிளம்பலாம்.

இனி தீவுகள். இங்கேதான் பலர் காசையும் உடம்பையும் வீணாக்குவதைப் பார்த்தேன். ரீவா நெடுகிலும் 'ஒரே நாளில் ஐந்து தீவு' என்று வேகப்படகுச் சுற்றுலா விற்பார்கள். விளம்பரப் படங்கள் அபாரமாக இருக்கும். திறந்த படகில் மணிக்கணக்கில் அலைமேல் குதித்துக் குதித்துப் போக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் நிற்பது கொஞ்ச நேரம்தான். இளவட்டங்களுக்குச் சரி. முதுகுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. தீவுக்காரர்கள் தினமும் போய்வருவது கார்களையும் ஏற்றிப் போகும் பெரிய படகில், அதாவது கார் ஃபெர்ரியில். அதில் போங்கள்.

கார் ஃபெர்ரிக்கும் கட்டமரான் விரைவுப் படகுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலிலேயே புரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும். கட்டமரான் வேகமானது, சீட்டு எண்ணிக்கை குறைவு, சீசனில் முன்பே விற்றுத் தீர்ந்துவிடும், காற்றடித்தால் முதலில் நிற்பதும் அதுதான். கார் ஃபெர்ரி மெதுவாகப் போகும், கட்டணம் குறைவு, நடந்து ஏறுகிறவர்களுக்கு அனேகமாக எப்போதும் இடம் இருக்கும். மேல்தளத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம், கழிப்பறை உண்டு, காபி உண்டு. அம்மாவுக்கு இந்தப் பயணம்தான் தீவைவிடப் பிடித்தது. ப்ராச் தீவின் சுபெதாருக்கு 50 நிமிடம், ஹ்வார் தீவுக்கு இரண்டு மணி நேரம், விஸ் தீவுக்கு இரண்டு மணி இருபது நிமிடம் அளவில் ஆகும். போகிற படகைவிடத் திரும்பி வருகிற கடைசிப் படகின் நேரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கோடை அட்டவணையும் மற்ற மாதத்து அட்டவணையும் வேறு வேறு. செப்டம்பர் கடைசியில் போனால் மாறிவிட்டதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஹ்வாரில் இன்னொரு விஷயம். கார் ஃபெர்ரி போய் நிற்பது ஸ்தாரி க்ராத் துறையில். எல்லோரும் படத்தில் பார்க்கிற ஹ்வார் பட்டணம் அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர், பஸ்ஸில் போக வேண்டும். கட்டமரான் நேரே பட்டணத்துக்கே போகும். நாங்கள் ஸ்தாரி க்ராத்திலேயே இருந்துவிட்டோம், அதற்காகச் சந்தோஷப்பட்டோம். கி.மு. 384-இல் பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் குடியேறிய இடம் அது. அவர்கள் அளந்து பிரித்த வயல் வரப்புகள் கல்சுவர்களாக இன்னும் நிற்கின்றன. அவற்றுக்குள்ளே இன்றும் திராட்சையும் ஆலிவும் பயிராகின்றன. சமவெளி என்பதால் சைக்கிள் எடுத்துக்கொண்டு சுற்றலாம். ஹ்வார் பட்டணம் அழகுதான், ஆனால் சீசனில் விலையும் இரவுக் கொண்டாட்டமும் அதிகம்.

என் மனதுக்கு மிகவும் நெருங்கியது ப்ராச். பெரும்பாலானோர் அங்கே போவது, 'போல்' என்ற ஊரிலுள்ள ஸ்லாத்னி ரத் கடற்கரைக்கு. கடலுக்குள் நாக்கு நீட்டிய மாதிரி ஒரு கூழாங்கல் திட்டு, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப அதன் நுனி அவ்வப்போது திரும்பும். போய்ப் பார்த்தோம், நன்றாக இருந்தது. ஆனால் தீவின் வடகரையில் உள்ள புச்சிஷ்சாவுக்கும் போய்வாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். டயோக்ளீஷியன் அரண்மனைக்கு வெள்ளைக் கல் போனது இந்தத் தீவிலிருந்துதான். புச்சிஷ்சாவில் 1909-இலிருந்து ஒரு கல்தச்சுப் பள்ளி நடக்கிறது. வகுப்புக் கூடத்துக்குள் நின்று பார்க்கவிடுகிறார்கள். பதினாறு பதினேழு வயதுப் பையன்களும் பெண்களும் ஆளுக்கொரு கல்லோடு நிற்கிறார்கள். எங்கள் அருகில் இருந்த பெண் ஒரு தூணின் தலைப்பகுதிக்கு இலைச் சுருள் செதுக்கிக்கொண்டிருந்தாள். பல்பல்லாக முனை உள்ள சுத்தியல் ஒன்றால் கல்லின் முகத்தைக் கொத்தினாள். ஒவ்வொரு கொத்துக்கும் இணைகோடுகளாகத் தடம் விழுந்தது. நாலைந்து கொத்துக்கு ஒரு முறை உள்ளங்கையால் தூசியைத் துடைத்து, கோணமட்டத்தை வைத்துப் பார்த்தாள். மின்கருவி இல்லை. ரோமர்கள் காலத்திலிருந்து வரும் கைக்கருவிகளைப் பழகுவதுதான் அந்தப் பள்ளியின் அடிப்படைப் பாடம். அன்று இரவு அரண்மனைக்குத் திரும்பிச் சுவர்களைத் தடவிப் பார்த்தபோது, அதே இணைகோடுகளை அம்மாதான் முதலில் கண்டுபிடித்துக் காட்டினார். பள்ளிக்கூடம் என்பதால் விடுமுறை நாளில் மாணவர்கள் இருக்க மாட்டார்கள், வேலைநாளில் போங்கள். சுபெதாரிலிருந்து பஸ் குறைவு, நேரத்தைக் குறித்துக்கொண்டு போவது முக்கியம்.

விஸ் தீவு யூகோஸ்லாவியப் படைத்தளமாக இருந்ததால் 1989 வரை வெளிநாட்டவருக்கு அனுமதியில்லை. பெரிய ஓட்டல்கள் முளைக்காமல் தப்பித்தது அதனால்தான். நீலக்குகைக்குப் போக விரும்புகிறவர்கள் ஸ்பிளிட்டிலிருந்து ஒரே நாளில் ஓடாமல், விஸ்ஸில் ஓர் இரவு தங்கி, மேற்குக் கரையில் உள்ள கோமிஜாவிலிருந்து காலையில் படகில் போவது நல்லது. குகை இருப்பது பக்கத்துக் குட்டித்தீவான பிஷேவோவில். நீருக்கடியில் உள்ள திறப்பு வழியாக வெயில் நுழைந்து, அடியில் உள்ள வெண்மையான தரையில் பட்டு மேலே வருவதால் குகை முழுக்க நீலமாக ஒளிர்கிறது. காலை 11 மணியிலிருந்து நண்பகல் வரை வெளிச்சம் நன்றாக விழும். படகு நுழைகிற வாய் 1884-இல் வெடி வைத்துத் திறந்தது. அதற்கு யோசனை சொன்னவர் ஆஸ்திரிய ஓவியர் ஓய்கன் ஃபான் ரான்சோனே. இவர் அதற்கு இருபது வருடம் முன்பே இலங்கைக்கு வந்து, இரும்பு மூழ்குகூண்டில் கடலுக்குள் இறங்கி, பவளப்பாறைகளைத் தண்ணீருக்குள் இருந்தபடியே வரைந்தவர். அந்தத் தகவல் தெரிந்தபின் குகை எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது. நுழையும்போது குனிந்துகொள்ள வேண்டும். உள்ளே இருப்பது சில நிமிடங்கள், அதற்கான காத்திருப்பு நீளம், நீந்தக் கூடாது.

காற்றைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கடலில் திட்டம் போட முடியாது. கோடை மதியங்களில் வரும் மாயெஸ்த்ரால் இதமானது. வடகிழக்கிலிருந்து வரும் பூரா குளிர்ந்து வேகமாக அடிக்கும், வானம் பளிச்சென்று இருக்கும். தென்கிழக்கிலிருந்து வரும் யூகோ மேகத்தையும் புழுக்கத்தையும் பெரிய அலையையும் கொண்டுவரும். நீலக்குகையை மூடவைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட கடல்தான். எங்களுக்கு முதலில் முன்பதிவு செய்திருந்த படகு அப்படித்தான் ரத்தானது. குகையைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காமல் ஆரம்பத்திலேயே வைத்திருந்ததால், காற்று அடங்கியதும் இன்னொரு நாள் போக முடிந்தது. ரத்தான அன்று உள்ளூர் 1-ஆம் எண் பஸ்ஸைப் பிடித்து சலோனா இடிபாடுகளுக்குப் போனோம். சைப்ரஸ் மரங்களும் கல்பேழைகளும் வட்டரங்கமும், கூட்டமே இல்லை. நிழல் குறைவு, தண்ணீரும் தொப்பியும் வேண்டும். பக்கத்து ஊரான ட்ரோகிர் போக நினைப்பவர்களுக்கு அரைநாள் போதும். சிற்பி ராதோவான் 1240-இல் செதுக்கிய கதீட்ரல் வாசலுக்காகவே போகலாம், விமான நிலையமும் அந்தப் பக்கம்தான்.

கடலில் இறங்குகிறவர்கள் ரப்பர் நீச்சல் செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள். கரை பெரும்பாலும் கல், பாறை இடுக்கில் கடல் முள்ளெலி இருக்கும், மிதித்தால் முள் உள்ளே உடைந்துவிடும். ஸ்பிளிட்டிலேயே மணல் கரை வேண்டுமென்றால் பாச்விட்சே. கணுக்கால் ஆழத்தில் பிட்சிகின் என்ற விளையாட்டை உள்ளூர்க்காரர்கள் அங்கே ஆடுவார்கள். வட்டமாக நின்று, சின்னப் பந்தை உள்ளங்கையால் தட்டி, தண்ணீரில் விழாமல் காப்பாற்ற வேண்டும். ஜெயிப்பது தோற்பது கிடையாது. அறுபதைத் தாண்டியவர்கள் பந்துக்காகப் பாய்ந்து விழுவதைப் பார்த்துத் தம்பியும் ஓரமாய்ப் போய் நின்றான்; கொஞ்ச நேரத்தில் அவர்களே கைகாட்டிச் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு: 2023 ஜனவரி 1-இலிருந்து குரோவேஷியா ஷெங்கன் பகுதியில் சேர்ந்துவிட்டது, நாணயமும் யூரோதான். ஸ்பிளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக்குக்குப் போகும் சாலை நேயும் என்ற இடத்தில் ஷெங்கனில் இல்லாத போஸ்னியா நாட்டுக்குள் புகுந்து வெளியே வரும். 2022 ஜூலையில் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்தபின் அந்த எல்லையைத் தொடாமலே போகலாம், ஆனாலும் பழைய வழியில் போகும் பஸ்களும் உண்டு. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா கையில் இருந்தால், டிக்கெட் எடுக்கும்போதே பஸ் பாலத்தின் வழியாகப் போகிறதா என்று கேளுங்கள். சீசனில் டுப்ரோவ்னிக்குக்கு நேரடிக் கட்டமரானும் இருக்கிறது. அதில் போனால் எல்லைப் பிரச்சினையே வராது.